முட்டிக்குக் கீழே ஒரு முறிவு

"விழவே இல்லை டாக்டர். குதிச்சுக்கிட்டே இருந்தான், அப்படியே உட்கார்ந்துட்டான்." ஞாயிற்றுக்கிழமை இரவு அவசரப் பிரிவில் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன். பிறந்தநாள் விழா நடந்த இடத்தில் டிராம்போலின் இருந்திருக்கும். 4 வயதுப் பையனும் 12 வயது அக்காவும் சேர்ந்து குதித்திருப்பார்கள். பையன் இப்போது அம்மாவின் இடுப்பில் இருக்கிறான். காலைத் தரையில் வைக்கச் சொன்னால் அலறுகிறான். பின்னால் நிற்கும் பாட்டி, "சுளுக்குன்னு நெனச்சு எண்ணெய் போட்டு நீவினேன், அதுக்கப்புறம்தான் ரொம்பக் கத்துறான்" என்கிறார்.

எக்ஸ்ரேயில் முட்டிக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. எலும்பு இடம் விட்டு நகரவில்லை. "ஆபரேஷன் வேண்டாம், மாவுக்கட்டு போதும்" என்றதும் வீட்டார் முகத்தில் தெளிவு வருகிறது. அந்தத் தெளிவு நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. எலும்பு ஆறு வாரத்துக்குள் அழகாக ஒட்டிவிடும். எல்லாரும் மறந்துவிட்ட பிறகு, சில குழந்தைகளுக்கு அந்தக் கால் மட்டும் மெல்ல வளையத் தொடங்கும். ஆகவே இந்த அத்தியாயம் மாவுக்கட்டோடு முடியாது. கட்டுக்குப் பின்வரும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

எங்கே, எப்படி உடைகிறது?

முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இரண்டு எலும்புகள் உள்ளன. உடம்பின் பாரத்தைச் சுமப்பது உள்பக்கம் இருக்கும் தடித்த எலும்பு, டிபியா. வெளிப்பக்கம் இருக்கும் மெலிந்தது ஃபிபுலா. டிபியாவின் மேல்நுனியில், முட்டியை ஒட்டி, வளர்தட்டு இருக்கிறது. குருத்தெலும்பாலான இந்தத் தட்டுதான் காலை நீளச் செய்கிறது. ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் நீளம் இங்கிருந்து வருகிறது. நாம் பேசும் முறிவு வளர்தட்டிலேயே விழுவதில்லை, அதற்குச் சற்றுக் கீழே விழுகிறது. தட்டு தப்பிவிட்டது என்று நினைத்தாலும், பக்கத்து வீட்டில் நடக்கும் அமளி அதற்கும் கேட்கத்தான் செய்யும். அதைப் பின்னால் பார்ப்போம்.

குழந்தை எலும்பு முருங்கைக் கொம்பு மாதிரி படக்கென்று முறிவதில்லை. பச்சை வேப்பங்கொம்பை வளைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் பிளந்து, மறுபக்கம் பட்டையோடு தொங்கும். குழந்தை எலும்பும் அப்படித்தான். பல நேரம் ஒரு பக்கம் மட்டும் விரிசல் விடும், அல்லது நசுங்கிப் புடைக்கும். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு இந்த வயதில் தடிமனாக இருப்பதால், துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும்.

டிராம்போலினில் நடப்பது இதுதான்: அக்கா இறங்கும்போது விரிப்பு அமுங்கி, உடனே மேலே எகிறுகிறது. அதே நொடியில் தம்பி கீழே இறங்குகிறான். அக்காவின் எடை கொடுத்த வேகத்தோடு வரும் விரிப்பு, இறங்கும் தம்பியின் காலில் மோதுகிறது. விழாமலே எலும்பு முறிவது இப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் குதிப்பதென்றால் இந்த ஆபத்து பெரும்பாலும் போய்விடும். சறுக்கு மரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்கும்போது, குழந்தையின் ஷூ ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். பெரியவரின் எடை கீழே இழுக்க, கால் முறுக்கிக்கொள்ளும். தனியே சறுக்கத் தெரியாத குழந்தை இன்னும் ஓராண்டு காத்திருக்கட்டும்.

முதல் ஒரு மணி நேரம்

நீவாதீர்கள். இழுத்துப் பார்க்காதீர்கள். "நடந்து காட்டு" என்று கேட்காதீர்கள். அடிபட்ட காலில் பாரம் வைக்க மறுக்கும் குழந்தைக்கு எலும்பு முறிந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடங்கள். சுளுக்காக இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

காலை அசையாமல் வைப்பதுதான் முதல் வலி மருந்து. கால் இருக்கிற நிலையிலேயே, தொடை நடுவிலிருந்து பாதம் வரை ஒரு தலையணையை அடியில் கொடுங்கள். இரண்டு துப்பட்டாவால் மேலும் கீழும் தளர்வாகக் கட்டுங்கள். முறிந்த இடத்தின் மேலேயே முடிச்சு விழக் கூடாது. தலையணை இல்லாவிட்டால் தடித்த அட்டையை நீளமாக மடித்து வைக்கலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைத்து எடுங்கள். நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். கால் வளைந்து தெரிந்தாலோ, பாதம் வெளுத்துச் சில்லிட்டிருந்தாலோ 108-ஐ அழையுங்கள். மற்றபடி காரிலோ ஆட்டோவிலோ காலை நீட்டியபடி கொண்டுபோகலாம். இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்து மட்டும் வராதீர்கள்.

வலிக்கு பாராசிட்டமால் கொடுக்கலாம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 16 கிலோ குழந்தைக்கு 240 மில்லிகிராம். 5 மில்லியில் 240 அல்லது 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 மில்லி போதும். 5 மில்லியில் 120 என்றால் 10 மில்லி தேவை. இரண்டும் கடையில் கிடைக்கும், பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். அடுத்த வேளைக்கு 6 மணி நேர இடைவெளி விடுங்கள். குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது.

மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், டாக்டர் பார்க்கும்வரை சாப்பாடும் பாலும் கொடுக்க வேண்டாம். அழுகையை நிறுத்த பிஸ்கட்டை நீட்டும் கை எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். அந்தக் கையை முதலில் தடுத்து வையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் அது கட்டாயம் கேட்கப்படும் கேள்வி.

மருத்துவமனையில்

நேராகவும் பக்கவாட்டிலுமாக இரண்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் முட்டியும் கணுக்காலும் தெரிய வேண்டும். சில நேரம் முதல் நாள் படத்தில் எதுவும் தெரியாது. ஆனாலும் குழந்தை காலை ஊன்றாது. அப்போது கட்டுப் போட்டு அனுப்பி, 7 முதல் 10 நாளில் மறுபடி எடுத்தால், புதிதாக ஊறும் எலும்பு வெள்ளையாகத் தெரியும். முதல் டாக்டர் "கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டார்" என்று கோபப்படத் தேவையில்லை. ஆனால் கால் ஊன்றாத குழந்தைக்குக் காய்ச்சலும் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது மூட்டிலோ எலும்பிலோ சீழ் பிடிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே வைத்தியம் வேண்டும்.

எப்படி அடிபட்டது என்று இரண்டு, மூன்று பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். உங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடிபட்ட விதமும் உடைந்த விதமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது எல்லாக் குழந்தைக்கும் செய்யும் வழக்கம். "நான் பார்க்கல, சத்தம் கேட்டு ஓடினேன்" என்பதுதான் உண்மை என்றால், அதையே சொல்லுங்கள்.

முட்டிக்குப் பின்னால் காலுக்கான பெரிய ரத்தக்குழாய் எலும்பை ஒட்டியே ஓடுகிறது. அதனால் டாக்டர் பாதத்தில் நாடி பார்ப்பார், விரலை அசைக்கச் சொல்வார். வீக்கம் அதிகமாக இருந்தால் ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்புவதும் உண்டு. "சின்ன முறிவுக்கு எதற்கு அட்மிஷன்?" என்று அந்த இரவைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

எலும்பு நகராமல் இருந்தால் நேராகக் கட்டுதான். கொஞ்சம் வளைந்திருந்தால் மயக்கம் கொடுத்து நேராக்கிக் கட்டுவார்கள். முறிவின் உள்பக்கத்தில் உள்ள இடைவெளி மூடவே மறுத்தால், கிழிந்த சவ்வோ தசைநாரோ நடுவில் மாட்டியிருக்கலாம். அதை எடுத்துவிட மட்டும் சிறிய அறுவை சிகிச்சை தேவைப்படும். அது அபூர்வம்.

கட்டு தொடையின் மேல்பகுதியிலிருந்து பாதம் வரை வரும். "என் அண்ணன் பையனுக்கு முட்டியை மடக்கிக் கட்டினாங்களே, இவனுக்கு ஏன் நீட்டி?" என்று கேட்பார்கள். முட்டி கிட்டத்தட்ட நேராக இருந்தால்தான், மேலும் கீழும் எலும்பு ஒரே கோட்டில் வருகிறதா என்று தெரியும். கட்டு இறுகும்போது டாக்டர் இரண்டு உள்ளங்கையாலும் காலைச் சற்று உள்பக்கமாக அழுத்திப் பிடித்திருப்பார். அந்தச் சில நிமிடப் பிடிதான் இந்த வைத்தியத்தின் கைவேலை. வீக்கம் இருந்தால் முதலில் பாதிக்கட்டு போட்டு, சில நாளில் முழுக்கட்டாக மாற்றுவார்கள். கட்டுக்குள் எலும்பு நகர்ந்துவிடாமலிருக்க, முதல் இரண்டு, மூன்று வாரம் வாரத்துக்கு ஓர் எக்ஸ்ரே. அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். நகர்ந்ததை இரண்டாவது வாரத்தில் சரிசெய்வது எளிது, ஆறாவது வாரத்தில் கஷ்டம்.

வீட்டில் கட்டோடு

மாவுக்கட்டு இறுகும்போது சூடாக இருக்கும். சில நிமிடத்தில் ஆறிவிடும். தொட்டால் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்வரை காய இரண்டு நாள் ஆகும். அதுவரை விரல் நுனியால் பிடித்துத் தூக்காதீர்கள். விழுந்த குழி அப்படியே இறுகித் தோலைக் குத்தும். முழு உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்குங்கள். ஃபைபர் கட்டு சீக்கிரம் காயும், எடை குறைவு, விலை அதிகம். எலும்பு ஒட்டுவதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

முதல் மூன்று நாள் கால் நெஞ்சுக்கு மேலான உயரத்தில் இருக்கட்டும். படுக்கவைத்து இரண்டு தலையணை. இந்த மூன்று நாளில் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, விரலைப் பார்ப்பது. பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். அடுத்த காலின் விரலையும் தொட்டுப் பாருங்கள், சூடு ஒரே மாதிரி இருக்கிறதா என்று. பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவில் எழும்போதெல்லாம்.

பின்வருவனவற்றில் எது தெரிந்தாலும், எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்:

• மருந்து கொடுத்தும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி. நேரம் போகப் போக இன்னும் இன்னும் மருந்து கேட்பது
• விரலை மெதுவாக மேலே நிமிர்த்தினாலே அலறுவது
• எதற்கும் அடங்காத பதற்றமும் அழுகையும்
• விரல்கள் நீலம் பாய்வது, வெளுப்பது, சில்லிடுவது, மரத்துப்போவது
• கட்டுக்குள்ளிருந்து துர்நாற்றம், கசிவு, கூடவே காய்ச்சல்
• கட்டு உடைவது, நனைந்து இளகுவது

முதல் மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தசை வீங்கி, உள்ளே அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் நின்றுபோகும் நிலை அது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். சின்னக் குழந்தைக்கு "மரத்துப்போகுது" என்று சொல்லத் தெரியாது; அழத்தான் தெரியும்.

நாட்டுக்கட்டு பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். மூங்கில் பத்தையும் துணியும் வைத்துக் கட்டும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் காய்ந்தால் கெட்டியாகும் என்பதும் உண்மைதான். அதில் எனக்குள்ள பயம் இதுதான். முதல் இரண்டு நாளில் கால் வீங்கும்போது, சுற்றிலும் இறுகிய கட்டு விரிந்துகொடுக்காது. விரலைப் பார்த்துத் தளர்த்திவிட ஆளும் பக்கத்தில் இருக்காது. வளர்தட்டுப் பக்கத்தில் கோணலாக ஒட்டினால் சொல்லிக்காட்ட எக்ஸ்ரேயும் இருக்காது. பாட்டியின் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. பிரண்டைத் துவையல் அரைத்துச் சாதத்தோடு கொடுக்கட்டும், ஆட்டுக்கால் சூப் வைக்கட்டும். அரைத்த விழுது எதுவும் கட்டுக்குள் போக வேண்டாம். எலும்புக்குத் தேவை பாலும் முட்டையும் கேழ்வரகும், கொஞ்சம் வெயிலும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

அரிப்பு நிச்சயம் வரும். ஸ்கேல், பென்சில், துடைப்பக் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். உள்ளே விழும் கீறல் வெளியே தெரியாமலே புண்ணாகும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் கட்டின் வாயில் ஊதுங்கள். வெளியே கட்டைத் தட்டிக்கொடுத்தாலும் சற்று அடங்கும். பவுடர் போட வேண்டாம், அது வியர்வையில் கட்டி தட்டும். குளிப்பதற்குப் பதில் துணி நனைத்துத் துடைத்துவிடுங்கள். டயபர் போடும் குழந்தை என்றால், டயபரின் ஓரத்தைக் கட்டின் மேல்விளிம்புக்குள் திணிக்காதீர்கள், ஈரம் உள்ளே இறங்கிவிடும். அடிக்கடி மாற்றுங்கள். உள்ளாடைக்கும் டிரவுசருக்கும் ஒரு பக்கத் தையலைப் பிரித்து வெல்க்ரோ தைத்துவிட்டால், ஆறு வாரமும் உடை மாற்றுவது சண்டையாக இருக்காது.

கட்டு பிரிக்கும் நாள்

பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பிரிப்பார்கள். வெட்டும் இயந்திரத்தின் சத்தம்தான் குழந்தையைக் கலங்கடிக்கும். அதன் பல் சுழலாது, அதிரும். அதனால் கெட்டியானதை வெட்டும், நெகிழ்ந்த தோலை எளிதில் வெட்டாது. முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "மிக்ஸி மாதிரி கத்தும், கொஞ்சம் சுடும், அவ்வளவுதான்."

வெளியே வரும் கால் மெலிந்து, தோல் உரிந்து, முடி அதிகமாகத் தெரியும். முட்டி விறைப்பாக இருக்கும். எல்லாம் சரியாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் குளிக்கட்டும், தேங்காய் எண்ணெய் தடவலாம். முட்டியை வலுக்கட்டாயமாக மடக்கும் வேலை மட்டும் வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலும் தனியாகப் பிசியோதெரபி தேவைப்படாது, விளையாட்டே போதும். முதல் சில வாரம் தாங்கித் தாங்கி நடப்பான். ஓட்டம், குதி, சைக்கிள் எப்போது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பிறகு வளையும் கால்

கட்டு பிரித்து ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். கோயிலில் எடுத்த குடும்பப் படத்தைப் பார்க்கும்போது யாரோ ஒருவர் சொல்வார்: "ஏன், இவன் வலது கால் ஒரு மாதிரி நிக்குதே?" முட்டி உள்ளே தள்ளியிருக்கும், பாதம் வெளியே விலகியிருக்கும். வீட்டில் உடனே விசாரணை தொடங்கும். கட்டு சரியில்லையா, சீக்கிரம் நடக்கவிட்டோமா, அன்றைக்கு நீவியதாலா?

பெரும்பாலும் எதுவும் காரணமில்லை. லூயிஸ் கோசன் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1953-இல் இதைப் பற்றி எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் இந்த வளைவை அழைக்கிறோம். நகராமல், நேராக, குறையில்லாமல் ஒட்டிய கால்களிலும் இது வருகிறது. முறிவு ஆறும்போது அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. அமளி கேட்ட வளர்தட்டு, உள்பக்கத்தில் சற்று வேகமாக வளர்ந்துவிடுகிறது என்பதே அதிகம் ஏற்கப்பட்ட விளக்கம். உள்பக்கம் நீண்டால் கால் வெளிப்பக்கம் சாயும். எலும்பு முறிந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை இந்தச் சாய்வு கூடலாம். பிறகு நின்று, பெரும்பாலான குழந்தைகளுக்கு அடுத்த இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் தானாகவே குறைந்துவிடுகிறது.

அவசரப்பட்டு எலும்பை வெட்டி நிமிர்த்தினால் என்ன ஆகும்? வெட்டுவதும் அதே இடத்தில் இன்னொரு முறிவுதானே. மறுபடி ரத்த ஓட்டம், மறுபடி வளர்ச்சி, மறுபடி வளைவு. இப்படி இரண்டாம் தடவை வளைந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். பெல்ட், விசேஷ செருப்பு, இரவுக் கட்டு என்று செலவு செய்யத் தேவையில்லை. இந்த வளைவை அவை நிமிர்த்துவதில்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. மாதம் ஒரு நாள், ஒரே சுவருக்கு முன்னால், குழந்தையை நிற்கவையுங்கள். இரண்டு முட்டிச் சில்லும் நேராகக் கேமராவைப் பார்க்கட்டும், முட்டிகள் லேசாகத் தொடட்டும். போனை முட்டி உயரத்தில் பிடித்து ஒரு படம். பிறகு இரண்டு கணுக்காலின் உள்பக்கப் புடைப்புகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தையல் டேப்பால் அளந்து எழுதுங்கள். 3, 4 வயதில் எல்லாக் குழந்தைக்கும் முட்டிகள் ஓரளவு இடிக்கும். 7 வயதுக்குள் சரியாகும். அதனால் எண்ணைவிட, அடுத்த காலோடு ஒப்பிட்டால் என்ன வித்தியாசம் என்பதே முக்கியம். அடிபட்ட கால் மற்றதைவிடச் சற்று நீளமாவதும் உண்டு. டாக்டரிடம் போகும்போது இந்தப் படங்களை வரிசையாகக் காட்டுங்கள். அரை நிமிடத்தில் அவருக்கு விஷயம் புரியும்.

சில ஆண்டுகள் பார்த்தும் வளைவு குறையாமல் நின்றுவிட்டால், எலும்பை வெட்டாமலே வழி இருக்கிறது. வளர்தட்டின் உள்பக்கத்தில் இரண்டு திருகுகளோடு ஒரு சின்னத் தகடு வைப்பார்கள். உள்பக்க வளர்ச்சி அடங்கி, வெளிப்பக்கம் வளர்ந்து எட்டிப்பிடிக்கும். கால் நேரானதும் தகட்டை எடுத்துவிடுவார்கள். குழந்தை வளர்ந்துகொண்டிருக்கும்போதுதான் இது பலிக்கும். வருடக்கணக்கில் பார்வையை விட்டுவிடக் கூடாது என்பது அதனால்தான்.

கட்டு பிரிக்கும் அன்று செய்ய ஒரு வேலை

மாவுக்கட்டை வெட்டி எடுத்ததும் எல்லாரும் கிளம்பத் தயாராகிவிடுவார்கள். பையன் மெலிந்த காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்போதே டாக்டரிடம் கேட்டு, காலண்டரில் நான்கு தேதிகளைக் குறித்துவிடுங்கள்: அடிபட்டதிலிருந்து 3-ஆவது மாதம், 6-ஆவது மாதம், 12-ஆவது மாதம், 18-ஆவது மாதம். முதல் தேதியில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. "நல்லாத்தானே ஓடுறான், எதுக்குப் போகணும்?" என்ற கேள்வி இரண்டாவது தேதியின்போது வீட்டில் எழும். அன்றைக்கும் போய் வாருங்கள், போனில் உள்ள படங்களோடு.